கமலா நிம்ப்கர் தொடங்கிய வேலை எங்கள் கரைக்கு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நோயாலோ விபத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி என்கிற மருத்துவத் துறைக்கு ஆசியாவிலேயே முதல் பள்ளி நம் நாட்டில்தான் தொடங்கியது. 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அதைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆனால் தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் வரைக்கும் எங்கள் கடற்கரையில் யாரிடம் கேட்டாலும் அந்த அம்மாவின் பெயர் தெரியாது, அது போகட்டும், அவர் கொண்டுவந்த சிகிச்சை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்டபின் சும்மா இருக்க மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

அவர் பிறந்தது அமெரிக்காவில், 1900-இல், நியூ ஜெர்சியில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில். வீட்டில் வைத்த பெயர் எலிசபெத் லண்டி. விஷ்ணு நிம்ப்கரைக் கல்யாணம் செய்துகொண்டு 1930-இல் இங்கே வந்து கமலா ஆனார், 1979-இல் காலமாகும் வரை இந்த நாட்டுக்காரராகவே வாழ்ந்தார். அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்றால், நாற்பது வயதைத் தாண்டியபிறகு, குடும்பம் குழந்தைகள் என்று ஆனபிறகு, மறுபடி அமெரிக்காவுக்குப் போய் பிலடெல்பியாவில் இருந்த ஆக்குபேஷனல் தெரபி பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து படித்ததுதான். உலகப் போரில் கை காலை இழந்து வந்த சிப்பாய்களால் அந்தத் துறை அங்கே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். திரும்பி வந்து, இந்தியாவில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு படிப்பை ஒரு பொது மருத்துவமனைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார். 1952-இல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் அவர் முயற்சியால் உருவானது. அதே வருஷம் இந்தத் துறைக்கான உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதைத் தொடங்கிய நாடுகள் பத்து, அந்தப் பத்தில் இந்தியாவும் ஒன்று. சுதந்திரம் வாங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மறுவாழ்வு மருத்துவத்துக்கென்று ஆசிய அளவில் ஓர் ஆய்விதழையும் நடத்தினார். ஒரு துறைக்குப் பள்ளி, சங்கம், இதழ் மூன்றையும் ஒரே ஆள் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது, இந்தச் சிகிச்சை என்னதான் செய்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் தெரியும், கை காலை நீட்டி மடக்கி விடுவது, நடக்கப் பழக்குவது, கரண்ட் வைப்பது. அது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது இல்லாமல் எங்கள் அப்பா எழுந்தே உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால் கை தோள்வரைக்கும் தூக்க வந்துவிட்டது, சரி, அந்தக் கையால் சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, பார்த்த வேலையைத் திரும்பப் பார்க்க முடிகிறதா என்று கேட்க இன்னொருத்தர் வேண்டும். முடியவில்லை என்றால் அந்த வேலையைச் செய்கிற விதத்தை மாற்றுவார், கருவியை மாற்றுவார், வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்து மாற்றுவார். அவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது சில வருஷத்துக்கு முன்னால். நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி, ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது இனிமேல் இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிசியோ வந்து போனார், கால் ஓரளவு வந்தது, கையும் அசைந்தது. ஆனால் மனுஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனார். யாராவது வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார், அவர்கள் போனபிறகுதான் சாப்பிடுவார், சோறு சிந்துவதை யாரும் பார்க்கக் கூடாது என்று. அம்மா ஊட்டிவிடப் போனால் கோபம். கைலி கட்ட அம்மா வர வேண்டும் என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானமாக இருந்தது.

மதுரையில் உறவுக்காரர் ஒருவர் சொல்லி ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயசுப் பெண். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, என்ன தொழில் பார்த்தீங்க?" என்பது. அதுவரைக்கும் எந்த டாக்டரும் அப்பாவிடம் அதைக் கேட்டதில்லை, பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, பீடி குடிப்பீங்களா என்றுதான் கேட்டார்கள். அப்பா தொழிலைச் சொன்னார், வலை எப்படிப் பின்னுவது என்று இடது கையாலேயே காற்றில் செய்து காட்டினார். அடுத்த தடவை வரும்போது வலையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் அந்தப் பெண். நான் நம்பவில்லை, ஆஸ்பத்திரிக்கு யாராவது வலையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று அம்மாவும் தயங்கினார். ஆனால் எடுத்துக்கொண்டு போனோம்.

வலை பின்னுகிற ஊசி மெல்லிசு, அப்பாவின் விரல் முழுதாக மடங்காது, பிடி நிற்கவில்லை. அந்தப் பெண் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஊசியின் அடிப்பக்கம் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கினார். வலையை மடியில் போட்டுக்கொள்ளாமல் ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டார், அப்படி வைத்தால் தோளைத் தூக்கிப் பிடிக்கிற பாரம் குறையும். முதலில் கண் பெரிதாக உள்ள வலை, அப்புறம்தான் நண்டு வலை. இடது கை வலையைப் பிடிக்கும், வலது கை ஊசியைத் தள்ளும் அவ்வளவுதான், முடிச்சை இறுக்குவது இரண்டு கையும் சேர்ந்து. வீட்டில் இதைத் தினமும் காலையில் களைப்பு வருவதற்கு முன்னால் செய்யச் சொன்னார். சாப்பிட விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காமல் இருக்க ஈரத் துணி. கைலிக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கலாம் என்றபோது அப்பா பாவாடையா கட்டச் சொல்கிறாய் என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார், அந்தப் பெண் வற்புறுத்தவில்லை, கடலுக்குப் போகிறவர்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, சுவரில் இடுப்பைச் சாய்த்துக் கைலியை அழுத்திப் பிடித்து இடது கையால் பெல்ட்டை மாட்டுவது எப்படி என்று பழக்கினார்.

அப்பா இப்போதும் கடலுக்குப் போவதில்லை, இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. ஆனால் ஊரில் பத்துப் பேர் வலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், பழுது பார்த்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். விருந்தாளி வந்தாலும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இதற்காக நாங்கள் மண்டபம் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போக வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் எழுத வந்தேன். போக மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல், துணைக்கு ஒருவர் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டும். எங்களால் சில தடவை முடிந்தது. முடியாத வீடுகள்தான் அதிகம்.

எங்கள் கரையில் எத்தனை பேருக்கு இது தேவை என்று கணக்கெடுத்துச் சொல்ல என்னிடம் எண் இல்லை, கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். சங்கு குளிக்கப் போய் கம்ப்ரஸர் காற்றில் ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்து, வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன இளவட்டங்கள் இருக்கிறார்கள். உதவி முகாமில் அவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் குடிசையைச் சுற்றி முழங்கால் புதைகிற மணல். சக்கரம் ஓர் அடி நகராது. நாற்காலி வீட்டுக்குள் துணி போட்டுவைக்கிற இடமாகிவிடுகிறது, அந்தப் பையன் பாயிலேயே கிடக்கிறான். கொடுப்பதற்கு முன்னால் ஒருத்தர் வந்து அந்த வீட்டையும் வாசலையும் பார்த்திருந்தால், அகலச் சக்கரம் வைத்த வண்டி கேட்டிருப்பார், இல்லை வாசலிலிருந்து தெருவரைக்கும் பலகையோ சிமெண்ட் கல்லோ போடச் சொல்லியிருப்பார். கழிப்பறைக்குள் குந்தி உட்கார முடியாத ஆளுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி போதும், அதைக்கூடச் சொல்ல ஆள் இல்லாமல் வருஷக்கணக்காக ராத்திரி இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

பாசி எடுக்கப் போகிற அக்காமார் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்து என்கிற கடல்பாசியைப் பிடுங்குகிறார்கள். வயசு நாற்பதுக்குள் விரல் முட்டி வீங்கி, தோள் இறுகி, ராத்திரி தூக்கம் இல்லை. வேலையைப் பார்த்து உடம்பைப் படிக்கிறவர்கள்தானே ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், வலி வருவதற்கு முன்னாலேயே அவர்களால் சொல்லமுடிகிற விஷயம் நிறைய இருக்கிறது, எப்படிக் குனிவது, எதைக் கையில் மாட்டுவது, எந்த நேரத்தில் நிறுத்துவது என்று.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லலாம். வேலூரில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நேராக்கலாம் என்று பால் பிராண்ட் என்ற டாக்டர் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1940-களின் கடைசியில் காட்டினார். கை நேரான நோயாளி ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடமாட்டேன் என்கிறார்கள், வேலையும் தரமாட்டேன் என்கிறார்கள் என்று முறையிட்டார். அறுவைச் சிகிச்சையோடு காரியம் முடியவில்லை என்று பிராண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. 1951-இல் அங்கேயே ஒரு சின்னக் குடியிருப்பு அமைத்து, உணர்ச்சியற்ற விரல் வெட்டுப்படாமல் உளியையும் ரம்பத்தையும் பிடிக்கப் பழக்கி, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அவர் தலைமையில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. இதெல்லாம் நம் தமிழ்நாட்டில் நடந்தது. வடக்கு மாவட்டத்தில் இருப்பது தெற்குக் கரைக்கு வந்து சேரவில்லை.

அடுத்து ஏர்வாடி, மனநோய் குணமாகும் என்று நம்பி நோயாளிகளைக் கூட்டிவருகிற தர்கா இருக்கிற ஊர். இதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள், 28 பேர் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது அப்படித்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அனுமதியில்லாத காப்பகங்களை மூடினார்கள், பிற்பாடு தர்காவிலேயே மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது, 2017-இன் மனநலச் சட்டம் எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொன்னது. எல்லாம் சரி. சங்கிலியை அவிழ்த்த பிறகு அந்த மனிதர் நாள் முழுக்க என்ன செய்வார்? காலையில் எழுந்து பல் தேய்ப்பது, பாயைச் சுருட்டுவது, ஒரு வேலையை ஆரம்பித்து முடிப்பது, நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவது, இதெல்லாம் வருஷக்கணக்கில் கட்டிக்கிடந்தவருக்கு மறந்துபோயிருக்கும். மாத்திரை அவர் காதில் கேட்கிற குரலை அடக்கும், இதைத் திருப்பிக் கொடுக்காது.

ஆக்குபேஷனல் தெரபியின் வேரே இங்கேதான் இருக்கிறது. 1796-இல் இங்கிலாந்தின் யார்க் ஊரில் வில்லியம் டியூக் என்ற குவேக்கர், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாமல் தோட்ட வேலையும் தையல் வேலையும் கொடுத்து மரியாதையாக நடத்துகிற ஓர் இல்லத்தைத் திறந்தார். கமலா நிம்ப்கர் பிறந்ததும் அதே குவேக்கர் மரபில். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எலினார் கிளார்க் ஸ்லேகில் என்ற அம்மையார், வருஷக்கணக்காக மருத்துவமனையில் முடங்கிக்கிடந்த மனநோயாளிகளுக்கு எழுவது முதல் படுப்பது வரை வேலை, ஓய்வு, விளையாட்டு என்று நாளை வகுத்துப் பழக்கி, இழந்த பழக்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். 1917-இல் அங்கே இந்தத் துறைக்கான முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த வழியில் வந்த படிப்பைத்தான் கமலா அம்மா கப்பலேற்றி நமக்குக் கொண்டுவந்தார். சங்கிலிக்கு மாற்றாகப் பிறந்த ஒரு சிகிச்சை, சங்கிலியோடு 28 பேர் எரிந்த கரையில் இல்லை என்றால் அதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏர்வாடிக்கு வருகிற நோயாளிகளில் பல பேர் எங்கள் மாவட்டத்துக்காரர்கள்கூட இல்லை, வெளியூர், வெளி மாநிலம், அதனால் கேட்பதற்கும் ஆள் இல்லை. ஆகவே நாங்கள்தான் கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, அங்கே இந்தத் துறைக்கென்று ஆட்கள் நிறைவாக இருக்க வேண்டும், அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்காமல் வாரத்தில் ஒரு நாள் இராமேஸ்வரம், ஒரு நாள் ஏர்வாடி, ஒரு நாள் தொண்டி என்று கரைக்கு வர வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று வந்து பார்த்தால்தான் தெரியும். அதே வண்டியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் ஏறி வந்தால், மணலையும் வாசலையும் கழிப்பறையையும் வலையையும் நேரிலேயே பார்த்துவிடுவார். வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்காக வருகிற மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் அப்படித்தான், பென்சில் பிடிக்க முடியாத, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளைகளை அடம் பிடிக்கிறது என்று அடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் மூளை தொடுதலையும் சத்தத்தையும் வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது என்று ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1970-களிலேயே எழுதிவிட்டார்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி முதலிய துறைகளை நாடு முழுமைக்கும் முறைப்படுத்துகிற சட்டமே 2021-இல்தான் வந்தது, கமலா அம்மா பள்ளி தொடங்கி 71 வருஷம் கழித்து. படிப்பு வேலூரிலும் சென்னை, கோவைப் பக்கமும் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளை நீட் போனால் நர்சிங், அது போனால் இன்ஜினியரிங் என்று போய்விடுகிறது. எங்கள் மீனவ வீட்டுப் பிள்ளை ஒன்று இதைப் படித்துவிட்டு வந்தால், வலை என்றால் என்ன, வத்தைப் படகு என்றால் என்ன, பாசி எடுக்கும்போது எந்தத் தசை வலிக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மதுரைப் பெண்ணுக்கு அப்பா காற்றில் வலை பின்னிக் காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி நாள், அன்றைக்குக் கமலா நிம்ப்கரைப் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள், கூடவே உங்கள் நிருபர் ஒருவரை ஏர்வாடிக்கும் எங்கள் மணல் தெருக்களுக்கும் அனுப்பி இங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது என்ன படிக்கலாம் என்று நீங்கள் போடுகிற வழிகாட்டிப் பக்கத்தில் இந்தப் படிப்பின் பெயர், எந்தெந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், அரசு ஒதுக்கீட்டில் எப்படிச் சேருவது என்று விவரமாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி வாசகி,
இராமநாதபுரம் மாவட்டம்